கே.எல்.லுக்கு எழுதியிருக்கு

தலையை எண்ணு, பெயரைக் கூப்பிடாதே. சுற்றுலா வழிகாட்டிப் பயிற்சியில் ரோகினிக்கு முதல் வாரமே சொல்லிக் கொடுத்தது இது. அதை நோட்டில் எழுதி, சிவப்புப் பேனாவால் அடிக்கோடும் போட்டு வைத்திருந்தாள். அடிக்கோடு போட்டுவிட்டால் மனசில் ஏறிவிட்டதாக நினைப்பது எல்லாருக்கும் இருக்கிற கெட்ட பழக்கம்தான்.

செனவாங்கில் ஒரு தொழிற்சாலையில் பதினைந்து வருடம் சர்க்யூட் போர்டுகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப் போனவள் அவள். தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். நாற்பத்தொரு வயதில் மறுபடி படித்து, பரீட்சை எழுதி, வழிகாட்டி உரிமமும் வாங்கினாள். உரிமம் கழுத்தில் தொங்கியதே தவிர, எட்டு மாதமாக வேலை ஒன்றும் வந்தபாடில்லை. கடைசியில் சிரம்பானில் பயண ஏஜென்சி வைத்திருக்கும் சலாவுதீன் மனமிரங்கினார்.

"ஒரே ஒரு சனிக்கிழமை தர்றேன். ரந்தாவ் பக்கத்து தோட்டத்து ஆளுங்க, முப்பத்திரண்டு பேரு. கே.எல்.ல சுத்திக் காட்டிட்டு பத்திரமா கொண்டாந்து விடணும். நல்லா செஞ்சா இனிமே எல்லா சனிக்கிழமையும் உனக்குத்தான். ஒரு தலை குறைஞ்சா அடுத்த டிரிப் கிடையாதும்மா. போன வருஷம் ஒரு ஆளைத் தொலைச்சிட்டு நான் போலீஸ் ஸ்டேஷன்ல உக்காந்தது போதும்."

"சரி பாய்," என்றாள் ரோகினி. மாதம் நாலு சனிக்கிழமை என்று மனசு அதற்குள் கணக்குப் போட்டுவிட்டது. இந்த வேலை போனால் அடுத்து எந்தக் கதவைத் தட்டுவது என்று அவளுக்குத் தெரியாது.

அந்த முப்பத்திரண்டு பேரும் ஒரே ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். தோட்டம் எண்ணெய்ச் செம்பனையாக மாறி, அவர்கள் ரந்தாவில் தாமான் என்கிற குடியிருப்பு வீடுகளுக்குக் குடிவந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. ஆனாலும் இன்னும் மூணாவது டிவிஷன் ஆளுங்க என்றுதான் தங்களைச் சொல்லிக்கொள்வார்கள். தைப்பூசத்துக்குப் பத்துமலை போனதோடு சரி. கே.எல். என்கிற கோலாலம்பூர் நகரத்துக்குள் நின்று நிதானமாகப் பார்த்தவர்கள் அதிகமில்லை.

பார்க்க வந்தவர்கள் சும்மா பார்த்துவிட்டுப் போகிற ஆட்களும் இல்லை. அரண்மனை வாசலில் குதிரைமேல் அசையாமல் உட்கார்ந்திருந்த காவலரைக் கண்டதும், "அவருக்குக் கொசு கடிச்சா என்னம்மா பண்ணுவாரு?" என்று ஒருவர் கேட்டார். "குதிரைக்கு ஓவர்டைம் உண்டா?" என்றார் இன்னொருவர். மெர்டேக்கா சதுக்கத்துக் கொடிக்கம்பத்தை அண்ணாந்து பார்த்த ராக்கம்மா, "இதுக்குப் பெயிண்ட் அடிக்க யாரு ஏறுறா?" என்றாள். அறுபத்தைந்து வயசு, இரட்டை நாடி உடம்பு, கணீர்க் குரல் ராக்கம்மாவுக்கு. ரோகினி மனப்பாடம் செய்திருந்த எந்தக் குறிப்பிலும் இதற்கெல்லாம் பதில் இல்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக ஆசையாக இருந்தது. அட, நமக்கு ஏன் இது தோணாமல் போச்சு என்று ஒவ்வொரு கேள்வியையும் நோட்டின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டாள்.

ஒரு கேள்வியை மட்டும் குறிக்காமல் விட்டாள். ராக்கம்மாவின் பக்கத்து இருக்கைக்காரி தனலெட்சுமி கேட்டது அது. ஒடிசலான தேகம், அதிகம் பேசமாட்டாள்.

"இதுல கே.எல். எது தங்கச்சி?"

"எல்லாமே கே.எல்.தான் அக்கா. சுத்தி இருக்கிறது பூரா கே.எல்.தான்."

தனலெட்சுமி மரியாதைக்குச் சிரித்தாள். பதில் பிடிக்காதவர்கள் சிரிக்கிற சிரிப்பு அது. அதற்குச் சற்று முன்னால், பஸ் சதுக்கத்துக்குள் நுழையுமுன், தெருமுனையில் வளைந்து நின்ற ஒரு நாலு மாடிக் கட்டடத்தை அவள் கண்ணாடியில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு பார்த்ததையும் ரோகினி கவனித்திருந்தாள். "அது ஹோட்டல் அக்கா, அங்க பாக்க ஒண்ணுமில்ல," என்று அப்போதும் ஒரு பதில் சொல்லியிருந்தாள்.

சதுக்கத்திலிருந்து கிளம்பும் நேரம் வந்தது. ரோகினி பெயர்ப் பட்டியலைக் கையில் எடுத்ததும் முன் இருக்கையிலிருந்து அமிர்தலிங்கம் எழுந்தார். எழுபத்தொரு வயதிலும் சட்டையை உள்ளே விட்டு பெல்ட் கட்டியிருந்தார். மூன்றாவது டிவிஷன் மண்டோராக, அதாவது கங்காணியாக, இருந்தவர். ஓய்வு பெற்றும் மண்டோர் என்ற பட்டம் அவரை விட்டுப் போகவில்லை.

"குடும்மா அந்தச் சீட்டை. இருபத்து நாலு வருஷம் பெரட்டு எடுத்தவன் நான். ஒரு தலை தப்பினது இல்ல."

பெரட்டு என்றால், விடிவதற்குள் தொழிலாளர்களை ஆபீஸ் முன் களத்தில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவது. பெரியவர் ஆசையாகக் கேட்கிறார், பஸ்ஸே கைதட்டுகிறது. முதல் நாளே முகத்தை முறித்துக்கொள்ள வேண்டாமென்று ரோகினி சீட்டைக் கொடுத்துவிட்டாள். அமிர்தலிங்கம் மூக்குக் கண்ணாடியைச் சரி செய்தார். சீட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல் அந்தக் காலத்து மிடுக்கோடு கூப்பிட்டார். ஒவ்வொரு பெயருக்கும் "இருக்கேன்", "இருக்கேன்" என்று பதில் வந்தது. முப்பத்திரண்டு பெயர், முப்பத்திரண்டு இருக்கேன்.

"முழுப் பெரட்டு!" என்று அறிவித்துவிட்டு உட்கார்ந்தார். டிரைவர் மகேந்திரன் வண்டியை எடுத்தார்.

இரட்டைக் கோபுரத்தருகே பஸ் நின்றபோது ரோகினி நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களை விநியோகித்தாள். முப்பத்திரண்டு பொட்டலம் கொண்டுவந்திருந்தாள். கொடுத்து முடித்தபோது கையில் ஒன்று மிச்சம் இருந்தது.

"யாருக்கு வரல?"

எல்லார் மடியிலும் பொட்டலம் இருந்தது. ரோகினி இருக்கை இருக்கையாகத் தொட்டு எண்ணினாள். முப்பத்தொன்று. ராக்கம்மாவின் பக்கத்து இருக்கையில் ஒரு தண்ணீர்ப் போத்தல் மட்டும் இருந்தது.

"தனம் அக்கா எங்க?"

ராக்கம்மாவின் முகம் பேயறைந்த மாதிரி ஆனது. "ஐயையோ. அவ வரல தங்கச்சி. பின்னால யாருகூடயோ உக்காந்திருக்கான்னு இருந்துட்டேன்."

"பேரு கூப்பிட்டப்ப இருக்கேன்னு சொன்னாங்களே!"

"நான் சொன்னேன்." ராக்கம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். "அவ பேரைக் கேட்டதும் வாய் தானா வந்திருச்சு. அந்தக் காலத்துல இருந்தே அவளுக்கு நான்தான் இருக்கேன் சொல்றது. குரலைக் கொஞ்சம் மெலிசா வச்சிக்கிட்டு."

அமிர்தலிங்கம் மெல்ல எழுந்து பின்னால் திரும்பினார்.

"என்ன சொன்ன? எந்தக் காலத்துல இருந்து?"

"கோவிச்சுக்காதீங்க மண்டோரு. பொம்பளைங்க குளிக்கிற கொட்டாய்க்குக் கதவு இல்லல்ல? பழைய கைலியைக் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். காத்தடிச்சா பறக்கும். ஒருத்தி துணியைப் பிடிச்சிக்கணும், ஒருத்தி குளிக்கணும். பிடிக்கிறவ தனம்தான். எல்லாரும் குளிச்ச பெறகு கடைசியா குளிச்சிட்டு அவ ஓடி வர்றதுக்குள்ள நீங்க பெரட்டு எடுத்திருவீங்க. பாவமா இருக்காதா? நான் சொல்லிருவேன்."

"எத்தனை நாளு?"

"நாளா? பதினோரு வருஷம்."

தொலைந்தது தனலெட்சுமி, ஆனால் அந்த நேரத்தில் பஸ்ஸில் அதிகம் தொலைந்துபோன முகம் மண்டோருடையதுதான். ஒரு தலை தப்பினது இல்லை என்று பேரப்பிள்ளைகள் வரை சொல்லி வைத்திருந்த மனிதர். அவரைப் பார்த்துப் பரிதாபப்பட ரோகினிக்கு நேரமில்லை. சரியாக அப்போதுதான் அவளுடைய போன் அடித்தது. சலாவுதீன்.

"என்னம்மா, எல்லாம் ஓகேயா? ஹெட் கவுண்ட் சரியா இருக்கா?"

முப்பத்தொரு பேரும் அவள் வாயையே பார்த்தார்கள். உண்மையைச் சொன்னால் எல்லாச் சனிக்கிழமைகளும் ஒரே மூச்சில் போய்விடும்.

"இருக்காங்க பாய். முப்பத்திரண்டு பேரும் இருக்காங்க."

போனை வைத்ததும் ராக்கம்மா அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். "நம்ம புள்ளைலா இது," என்றாள் பெருமையாக. ரோகினிக்கு அந்தப் பெருமை உள்ளே முள்ளாகக் குத்தியது.

"அக்கா எங்க போயிருப்பாங்க? யோசிச்சுச் சொல்லுங்க."

"எங்க போவா? கே.எல்.லைத் தேடித்தான் போயிருப்பா."

"இதுதானே கே.எல்.?"

"இது இல்ல தங்கச்சி. நம்ம கே.எல்." ராக்கம்மா குரலைத் தாழ்த்தினாள். "தோட்டத்துல கூரை ஒழுகுதுன்னு கேட்டா, கே.எல்.லுக்கு எழுதியிருக்கும்பாங்க. பைப்புல தண்ணி வரலன்னா, கே.எல். பதில் போடணும்பாங்க. கொட்டாய்க்குக் கதவு கேட்டவ தனம்தான். கே.எல்.லுக்கு எழுதியிருக்குன்னு மண்டோரு சொன்னாரு. பதிலே வரல. சின்னதுல நான், கே.எல்.னா ஒரு ஆளுன்னே நெனச்சேன். வெள்ளைச் சட்டை போட்டு, யார் என்ன கேட்டாலும் பேசாம உக்காந்திருக்கிற ஆளு. அப்புறம்தான் அது கம்பெனி ஆபீஸுன்னு தெரிஞ்சிச்சு. தீபாவளிக்குக் குடுக்கிற காலண்டர்ல அந்தக் கட்டடத்துப் படம் இருக்கும். காலையில பஸ்ஸுல வர்றப்ப, காலண்டர்ல இருந்த மாதிரியே ஒரு கட்டடம்டின்னு என் காதுல சொன்னா."

தெருமுனை. வளைந்த நாலு மாடி. பாக்க ஒண்ணுமில்ல என்று தான் சொன்ன பதில் ரோகினிக்கு இப்போது கேட்டது.

மற்றவர்களைக் கோபுரத்தடிப் பூங்காவில் உட்காரவைத்து மகேந்திரன் பொறுப்பில் விட்டுவிட்டு அவள் இரயில் நிலையத்துக்கு ஓடினாள். அமிர்தலிங்கமும் கூடவே வந்தார். "என் பெரட்டுல தொலைஞ்ச ஆளு. நான் வராம?" என்றவரைத் தடுக்க முடியவில்லை. டிக்கெட்டுக்குப் பதிலாக இயந்திரம் துப்பிய நீலப் பிளாஸ்டிக் வில்லையை வேறொரு நாளாக இருந்தால் அவர் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பார். இன்றைக்கு அதைக் கையில் இறுக்கிக்கொண்டு நின்றார். மூன்று நிலையம் தாண்டி மஸ்ஜித் ஜாமெக்கில் இறங்கும்வரை அவர் பேசியது ஒரே ஒரு வாக்கியம்தான்.

"பதினோரு வருஷம் அந்தக் குரலு ஒரு மாதிரியா இருக்கேன்னு எனக்குத் தோணலையேம்மா."

ஹோட்டலின் முன்புறம் பெரிய கண்ணாடிக் கதவு. அருகில் போனாலே தானாகத் திறக்கும், விலகினால் மூடும். அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தாள் தனலெட்சுமி. ஒரு அடி முன்னால் வைப்பாள், கதவு திறக்கும். ஒரு அடி பின்னால் வைப்பாள், மூடும். காவலாளி புன்னகையோடு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

ரோகினிக்கு ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளத் தோன்றியது, திட்டவும் தோன்றியது. "அக்கா! ஒரு வார்த்தை சொல்லிட்டு வரக்கூடாதா?" என்றாள்.

"பத்து நிமிஷத்துல ஓடி வந்திரலாம்னு பாத்தேன் தங்கச்சி. எண்ணி முடியல." தனலெட்சுமியின் கண்கள் பளபளத்தன. "ஒரு மாடிக்கு இருபத்திரண்டு கதவு. நாலு மாடிக்கு எண்பத்தெட்டு. படியேறி எண்ணினேன், யாரும் ஒண்ணும் கேக்கல. கூட்டிப் பெருக்கிக்கிட்டிருந்த பொண்ணுகிட்ட மலாய்ல கேட்டேன், உள்ள பாத்ரூமுக்கும் கதவு இருக்கான்னு. ஒவ்வொண்ணுக்கும் இருக்காம். அதுவும் எண்பத்தெட்டு. இங்க பாரு, இந்தக் கதவுக்கு யாரும் எழுதிக் கேக்கக்கூட வேணாம். தானா திறக்குது."

"ஆபீஸெல்லாம் எப்பவோ போயிருக்கும் அக்கா. வாங்க போலாம்."

"ஒண்ணே ஒண்ணு கேட்டுச் சொல்லு. என் கடுதாசிக்கு ஏன் பதில் போடலன்னு கேக்க வரல. அது இங்க வந்து சேந்துச்சா, யாராச்சும் படிச்சாங்களா, அது போதும் எனக்கு."

மறுக்க ரோகினிக்கு மனசு வரவில்லை. உள்ளே போய் வரவேற்பு மேசைப் பெண்ணிடம் மலாயில் கேட்டாள். முன்பு இங்கே ஒரு தோட்டக் கம்பெனி இருந்ததா, அதன் பழைய கடிதங்கள் ஏதாவது உண்டா. அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் நல்ல மனசு. எதிரே நிற்கும் வயதான முகத்தைப் பார்த்துவிட்டு, இருங்கள் என்று சொல்லி, மேசையின் இழுப்பறையைத் திறந்து தேட ஆரம்பித்தாள். ஒன்றை மூடிவிட்டு அடுத்ததைத் திறந்தாள். தனலெட்சுமி எட்டி எட்டிப் பார்த்தாள்.

"தேட வேணாம்னு சொல்லும்மா," என்றார் அமிர்தலிங்கம்.

"இருங்க மண்டோரு, அந்தப் புள்ள பாக்குதுல்ல."

"எழுதல தனம்."

இழுப்பறை திறந்தபடி இருந்தது.

"கடுதாசின்னு ஒண்ணு போகவே இல்ல. உன்னுது மட்டும் இல்ல, யாருதும் போகல. ஆபீஸ்ல எழுத்து வேலை பாத்த கிராணிகிட்ட போய்ச் சொல்வேன். கே.எல்.லுக்கு எழுதியிருக்குன்னு சொல்லிருய்யா, வாயை மூடிக்குவாங்கம்பாரு. நானும் வந்து சொல்லிருவேன். சொல்லிச் சொல்லிப் பழகிருச்சு. ராக்கு உனக்காக இருக்கேன்னு சொன்னா. நான் கே.எல்.லுக்காகச் சொன்னேன். அவ்வளவுதான்."

தனலெட்சுமி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடிப்பாளோ என்று ரோகினி பயந்தாள்.

"அப்ப கே.எல்.லுக்கு எங்களைத் தெரியவே தெரியாதா?"

"தெரியாது."

"படுபாவி மனுஷா. ஒரு பலகை, ரெண்டு கீல். நீ முடியாதுன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா, நாங்களே ஆளுக்கு ஒரு துண்டு பலகை பொறுக்கி அடிச்சிருப்போமே! பதில் வரும், பதில் வரும்னு பதினோரு வருஷம் கை மரத்துப்போக அந்தத் துணியைப் பிடிச்சிக்கிட்டு நின்னேனே!"

அவள் அழவில்லை. அமிர்தலிங்கம்தான் அழுதார். வரவேற்புப் பெண் ஒன்றும் விளங்காமல் காகிதக் கைக்குட்டைப் பெட்டியை அவர் பக்கம் தள்ளினாள்.

திரும்பி வருகிற இரயிலில் மூன்று பேரும் தள்ளித் தள்ளி உட்கார்ந்தார்கள். இருக்காங்க பாய் என்று தான் சொன்னது எவ்வளவு சுலபமாக வந்தது என்று ரோகினி யோசித்துக்கொண்டே வந்தாள். இல்லாத ஒருத்திக்காகத் தானும்தான் பதில் சொல்லியிருக்கிறாள். இன்றைக்கு ஒன்று சொல்லியாகிவிட்டது. அடுத்த சனிக்கிழமை இன்னும் சுலபமாக வரும். அப்புறம் பழகிவிடும்.

பஸ்ஸில் எல்லாரும் ஏறியதும் அவள் சீட்டை யாரிடமும் கொடுக்கவில்லை. ஒவ்வொரு தலையாகப் பார்த்து, ஒவ்வொரு தோளாகத் தொட்டு எண்ணினாள். முப்பத்திரண்டு. பிறகு முன்னால் வந்து நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி சலாவுதீனைக் கூப்பிட்டாள்.

"பாய், முன்ன நான் சொன்னது பொய். அப்ப முப்பத்தொரு பேருதான் இருந்தாங்க. நான் தலையை எண்ணல, வேற ஆளைப் பேரு கூப்பிட விட்டுட்டேன். இப்ப தேடிக் கூட்டியாந்தாச்சு. நானே எண்ணினேன், முப்பத்திரண்டு."

"அந்தம்மா நல்லா இருக்காங்களா?" என்று கேட்டார் சலாவுதீன்.

"நல்லா இருக்காங்க."

"சரி. திங்கக்கிழமைக்கு மேல பாக்கலாம்."

வேறொரு நாளாக இருந்தால் அந்தப் பாக்கலாமை அவள் கைக்குள் பொத்தி வீட்டுக்குக் கொண்டுபோயிருப்பாள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"பாக்கலாம் வேணாம் பாய். சனிக்கிழமை எனக்கு உண்டா, இல்லையா? இப்பவே சொல்லிருங்க."

சலாவுதீன் பெருமூச்சு விட்டது கேட்டது. நேர்மையான மனிதர்தான் அவர். "இல்லம்மா," என்றார். "மறைக்காம சொன்னியே, அது பெருசு. ஆனா எண்ணாம வண்டியை எடுத்துட்டியே. என்கிட்ட இல்ல."

"நன்றி பாய்," என்றாள். மனசாரத்தான் சொன்னாள். ஆனாலும் கண் நிறைந்துவிட்டது. பொட்டலத்தை இன்னும் பிரிக்காமல் மடியில் வைத்திருந்த தனலெட்சுமிதான் கேட்டாள்.

"என்ன சொன்னாரு தங்கச்சி?"

"இல்லன்னு சொல்லிட்டாரு அக்கா."

தனலெட்சுமி அவளை ஒரு கணம் ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"ஒரு நிமிஷத்துல பதில் வாங்கிட்டியே," என்றாள்.

ரோகினி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒலிவாங்கியைக் கையில் எடுத்தாள். இன்னும் ஏரிப் பூங்கா பாக்கி இருந்தது. போகிற வழியில் நாடாளுமன்றக் கட்டடம் தெரியும், வலது பக்கம் உட்கார்ந்திருக்கிறவர்கள் பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னாள்.

"அங்க என்னம்மா பண்ணுவாங்க?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"நாம கேக்கிறதுக்கு அங்கதான் பதில் சொல்லணும்," என்றாள் ரோகினி.

முப்பத்திரண்டு தலையும் வலது பக்கம் திரும்பின.